புதுத் தண்ணீருக்கு ஏறும் மீன்



கத்திரி வெயிலில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், மறுநாள் விடியும்போதே நாவலூர், தாழம்பூர், தையூர் ஏரிக்கரைகளில் ஆள் நடமாட்டம் தெரியும். தூண்டில் கழியும் மண்புழு டப்பாவுமாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். இரவுப் பணி முடித்து, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கூடக் கழற்றாமல் நேரே கரைக்கு வந்துவிடும் ஐ.டி. இளைஞர்கள் சிலரும் இருப்பார்கள். இவர்களுக்கு நடுவே, தூண்டில் ஏதும் இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் நிற்பார்கள். அவர்கள் ஏரியின் நடுவைப் பார்ப்பதில்லை. வரத்துக் கால்வாய் ஏரியில் வந்து சேரும் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீன் அங்கேதான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது அந்த மூலையைப் பற்றித்தான்.

நம் செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலேயே கொட்டிவிடும். ஏரி அப்போது நிரம்பும். தை, மாசியில் வயலுக்குப் பாயும். பங்குனியில் கரையிலிருந்து விலகும். வைகாசிக்குள் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். மீன்பிடிப்பும் இந்தக் கணக்கிலேயே நடந்துவந்தது. தண்ணீர் குறையக் குறையக் குத்தகைதாரர் வலை இழுப்பார். கடைசியில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது ஊரே இறங்கும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் இதை இன்றைக்கும் மீன்பிடித் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். பெரியவர் ஒருவர் துண்டை வீசிச் சைகை காட்டியதும், ஊத்தாக் கூடையும் வலையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கண்மாயில் பாய்வதைப் பார்க்க வேண்டும்.

கோடை மழை இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. பகல் முழுக்கச் சூடேறிய நிலத்தின் மேல், மேற்கிலிருந்து வரும் காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சந்திக்கும்போது மாலையில் இடிமழை பிறக்கிறது. அதனால்தான் சில நாட்களில் தாம்பரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, கடற்கரையோரத்தில் தூறலாக நின்றுவிடுகிறது. 1996 ஜூன் நடுவில் சென்னையை மூழ்கடித்த மழையை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஜூன் 19 அன்று விடிவதற்குள் மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் பதிவானது. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2025-இல் தென்மேற்குப் பருவமழையே மே 24 அன்று கேரளத்துக்கு வந்துவிட்டது. வறண்டு வெடிக்க வேண்டிய பருவத்தில் ஏரிக்குப் புதுத் தண்ணீர் வருவது அரிதுதான் என்றாலும், நம் காலத்தில் நாம் பலமுறை பார்த்துவிட்ட ஒன்று.

அந்தத் தண்ணீர் வந்ததும் ஏரிக்குள் நடப்பதைக் கவனியுங்கள். பல வாரங்களாகச் சூடேறிக் கிடந்த தண்ணீரில் குளிர்ந்த, மண் கரைந்த ஓட்டம் ஒன்று வந்து கலக்கிறது. தண்ணீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் குறைகின்றன, மட்டம் உயர்கிறது. வெயிலில் காய்ந்த கரையோரப் புல் தண்ணீருக்குள் போகிறது. சினை பிடித்திருக்கும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இது போதும். ‘புதுத் தண்ணி வந்தா மீன் எதிர்த்து ஏறும்’ என்று கரையில் சொல்வார்களே, அதுதான். ஓட்டத்தை எதிர்த்து, வரத்துக் கால்வாய் வழியே, முழங்கால் ஆழம் கூட இல்லாத புல்வெளிக்கும் வயலுக்கும் போய் முட்டையிடும். ஆழமற்ற அந்த இடத்தில் பெரிய மீன்களின் தொல்லை குறைவு. குஞ்சுக்குத் தேவையான நுண்ணுயிர்கள் ஏராளம். மழை பலமாகப் பெய்து, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால், கீழே உள்ள மீனும் மேல் ஏரிக்கு ஏறப் பார்க்கும். கலங்கலின் கற்களில் மோதி விழுந்து மறுபடி துள்ளும் கெண்டையைப் பார்த்தவர்கள், அந்த உயிரின் பிடிவாதத்தை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இந்த ஏற்றத்தில் தண்ணீரே தேவைப்படாத ஒரு மீனும் உண்டு. பனையேறிக் கெண்டை. செவுள் மூடியின் விளிம்பில் உள்ள முட்களை ஊன்றி ஊன்றி, மழை நனைத்த தரையில் நகர்ந்தே ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போய்விடும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் வெளியே நெடுநேரம் தாங்கும். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படை அதிகாரியாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791-இல் குளத்தருகே ஒரு பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. மரம் ஏறுமா என்று பின்னால் வந்த அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். தரையில் நடப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தரங்கம்பாடியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஏரியில் தூண்டிலில் சிக்கும் விரால், குரவை, தேளி, கோடு போட்ட சிறு கெளுத்தி, இவற்றுக்கெல்லாம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மருத்துவர் மார்கஸ் எலியேசர் பிளாக். அவர் தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்லை. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பிவைத்தார். அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த நம் ஊர் ஆட்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. எந்த மீன் எந்தச் சேற்றில், எந்த மழைக்கு வரும் என்று தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகள் இல்லாமல் பெர்லினில் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது.

அப்படிப்பட்ட கைகள் நம் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. முட்டுக்காடு கழிமுகத்திலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் இருளர் மக்கள் மீனும் இறாலும் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தளவுத் தண்ணீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவியே பிடிப்பார்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் அவர்களுடைய பாம்பு அறிவை உலகம் மதிக்கிறது. தண்ணீர் அறிவுக்கு அப்படி ஒரு மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை. ஏரிக்கு வேலி போட்டு, நுழைவுச் சீட்டுக் கொடுத்து, மீன் பிடிக்கக் கூடாது என்று பலகை வைக்கும்போது முதலில் வெளியே நிற்க நேர்வது அவர்கள்தான். இதைச் சொல்லாமல் ஏரி மீனைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி விராலுக்கு வருவோம். கரையில் நிற்பவர்கள் கனவு காண்பது இதைத்தான். மழைக்குப் பிறகு, ஓரத்துப் புல்லும் ஆம்பலும் அடர்ந்த இடத்தில், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து செடிகளை விலக்கி ஒரு வட்டமான இடம் செய்து முட்டையிடும். முட்டை மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், சிந்திய குங்குமம் போலத் தண்ணீரின் மேல் கூட்டமாக நகரும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தவளையையோ ரப்பர் தவளையையோ போட்டால், குஞ்சைக் காக்கும் வேகத்தில் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசியில் கவ்வுவதில்லை. அதனாலேயே இது சுலபமான பிடிப்பு. காவல் போன கொஞ்ச நேரத்திலேயே கெளுத்தியும் குரவையும் நீர்க்காகமும் அந்தக் குஞ்சுகளை முடித்துவிடும். ஆயிரம் விராலாக வளரக்கூடியது ஒரு குழம்போடு போகிறது.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: சிவந்த குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். வயிறு பருத்த சினைக் கெண்டை கால்வாயில் ஏறி வந்தால் வழிவிடுங்கள். கால்வாயின் குறுக்கே வலை கட்டி, ஏறும் மீன் அத்தனையையும் அள்ளுவது ஒரு நாள் கொண்டாட்டமாக இருக்கும். அடுத்த தை மாதத்தில் ஏரி வெறுமையாக இருக்கும். பழைய ஆட்கள் ஏறும்போது கொஞ்சமும், தண்ணீர் வடிந்து இறங்கும்போது மீதியும் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். அந்த நிதானத்தில் நல்ல விவேகம் இருக்கிறது.

‘ஏரியில்தான் கட்லா, ரோகு எல்லாம் விடுகிறார்களே, அப்புறம் என்ன?’ என்று சிலர் கேட்பதுண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்று வெள்ளத்தில் மட்டுமே இயல்பாக இனம் பெருக்குபவை. நம் ஏரியில் வளரும், முட்டையிட்டுப் பெருகாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி என்ற அறிஞர், பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இந்த வகை மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் நாடு முழுக்க ஏரிகளுக்கு மீன்குஞ்சு கிடைத்தது. அந்த நாளையே தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் விடப்பட்ட மீன் ஏலம் எடுத்தவருடையது. ஒவ்வொரு ஆண்டும் காசு கொடுத்து வாங்கி விட வேண்டியது. தானாக ஏறி, தானாகப் பெருகும் கெண்டையும் விராலும் கெளுத்தியும்தான் ஏழை வீட்டு அடுப்புக்கு எப்போதும் எட்டியவை.

ஏரி மீனின் வருமானத்தைப் பற்றி நம் முன்னோர் தெளிவாகவே இருந்தார்கள். கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்பது ஏரி மீன் குத்தகைப் பணம். அது ஏரியைப் பராமரிக்கச் செலவிடப்பட்டது. நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம் இருந்தது. இன்றும் ஏரிகளில் மீன்பாசி ஏலம் நடக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது அதே ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரப் போகிறதா என்று கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கத் தகுந்த கேள்வி இது. வாக்குரிமை உள்ள எவரும் கேட்கலாம்.

ஏனென்றால் எல்லாமே அந்தக் கால்வாயில்தான் இருக்கிறது. நம் பகுதி ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. தாம்பரம் பக்கத்தில் சேலையூர், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கத்துக்குப் போய், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணையில் கலக்க வேண்டும். இப்படி முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் தண்ணீர் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. தண்ணீர் இறங்கும் வழியே மீன் ஏறும் வழியும். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேராக இருந்த பள்ளிக்கரணை சிதறிச் சுருங்கிவிட்டது. 2022-இல் அது ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் மேல் ஏரிக்கும் அதற்கும் இடையில் உள்ள கால்வாய்களைச் சாலையும் மனையும் கான்கிரீட் மூடியும் அறுத்துவிட்டால், சதுப்பு நிலத்தில் பெருகும் மீன் எங்கே ஏறும்?

கடந்த சில ஆண்டுகளில் ஏரிகளைச் சீரமைக்கும் வேலை நிறைய நடக்கிறது. செம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் நடந்ததை நானும் மகிழ்ச்சியோடு பார்த்தேன். 2019-இன் கொடிய வறட்சியில் சிட்லபாக்கம் மக்கள் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளியது மறக்கக்கூடியதா? ஆனாலும் பல இடங்களில் சீரமைப்பு என்றால் கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு, உள்பக்கம் செங்குத்தான கற்சுவர் என்று ஆகிவிட்டது. நடப்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓரத்தில் சரிவு இல்லை, புல் இல்லை. விரால் முட்டையிட இடம் இல்லை, நாரைக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. ஏரியின் உயிர் ஓரத்தில்தான் இருக்கிறது. கரையில் ஒரு பக்கமாவது மண் சரிவாக, கோரையும் ஆம்பலும் வளர விட்டுவிடுங்கள் என்று திட்டம் தீட்டுபவர்களிடம் நாம் கேட்க வேண்டும். நடைபாதைக்குக் குரல் கொடுக்கும் குடியிருப்போர் சங்கங்கள் வரத்துக் கால்வாய்க்கும் குரல் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கோடை மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. மழைக்கு மறுநாள் ஏரி முழுக்க வெள்ளிக் காசுகளாக மீன் செத்து மிதக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர் பதறும். சில நேரம் அப்படியும் இருக்கலாம். பெரும்பாலும் நடப்பது வேறு. கோடையில் சுருங்கிச் சூடான தண்ணீரில் உயிர்க்காற்று ஏற்கெனவே குறைவு. முதல் மழை தெருக் குப்பையையும் சாக்கடையையும் வாரிக்கொண்டு வந்து சேர்க்கிறது. அடியில் கிடந்த சேறு கலங்குகிறது. அந்தக் கழிவு அழுகும்போது மிச்சமிருந்த உயிர்க்காற்றையும் உறிஞ்சிவிடுகிறது. மேகமூட்டத்தில் பாசியும் போதிய அளவு உயிர்க்காற்றைத் தர முடிவதில்லை. விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். அதே தண்ணீரில் விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை பிழைத்துக்கொள்ளும். அவை மேலே வந்து காற்றையே சுவாசிப்பவை. செத்து மிதக்கும் மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம். சாக்கடை நேரடியாகக் கலக்கும் ஏரியில் உயிரோடு பிடித்த மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பிடித்த மகிழ்ச்சியோடு தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

முதன்முதலாகத் தூண்டில் எடுப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். கெண்டைக்கு மைதா உருண்டை அல்லது தவிட்டோடு பிசைந்த பிண்ணாக்கு, கெளுத்திக்கு மண்புழு. மழை நின்ற மறுநாள் காலை, கால்வாய்த் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் கலக்கும் கோட்டில், தக்கையை ஆழமில்லாமல் கட்டிப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அதிகம் சிக்குவது ஜிலேபிக் கெண்டை. அது 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. தாய் முட்டையை வாயிலேயே அடைகாத்துக் காப்பாற்றுவதால் எங்கும் பெருகி, நம் சிறு கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைத் தாராளமாகப் பிடியுங்கள். மீசை நீண்ட, கருத்த ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. சிக்கினால் திரும்ப ஏரியில் விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த மீனைக் கருணையோடு ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களே, தயவுசெய்து வேண்டாம். தொட்டி சுத்தம் செய்ய வாங்கும் முள்தோல் மீன் நம் ஏரிகளில் பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது.

உயிரைப் பற்றியும் ஒரு சொல். கோடை மழையோடு வரும் இடியும் மின்னலும் பொல்லாதவை. வெட்டவெளியான ஏரிக்கரையில் நீளக் கழியைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். முதல் இடி கேட்டதும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். சவுடு மண் எடுத்த பள்ளங்கள் நம் ஏரிகளில் பல இடங்களில் இருக்கின்றன. கோடையில் கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தை மழைத் தண்ணீர் மூடிவிடும். முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். இடம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் தண்ணீரில் காலை வைக்காதீர்கள். ஏலம் போன ஏரியாக இருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தூண்டில் போடும் பிள்ளைகளைத் துரத்துபவர்கள் அதிகம் இல்லை. பழகிப் பார்க்க நினைக்கும் நகரத்துக் குடும்பங்களுக்குச் சேத்துப்பட்டு ஏரி இருக்கிறது. 2016-இல் அங்கே மீன்வளத்துறை திறந்த பசுமைப் பூங்காவில் தூண்டில் போடவென்றே இடம் அமைத்தார்கள்.

நல்ல தண்ணீரில் நல்ல மீன் கிடைத்தவர்களுக்கு: ஏரி மீனின் மண்வாடை சிலருக்குப் பிடிக்காது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, மண்சட்டியின் சொரசொரப்பான பக்கத்தில் வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரில் சிறிது நேரம் ஊற வையுங்கள். கோடையில்தான் மாங்காயும் கிடைக்கிறது. புளியைக் குறைத்து, மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போட்டு வைத்த விரால் குழம்பு, அடுத்த நாள் காலை பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கலங்கல் எங்கே இருக்கிறது, முன்பு எந்த ஓடையில் மீன் ஏறியது, இப்போது அந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். கையால் வரைந்த படமாக இருந்தாலும் சரி, பிள்ளைகள் வரைந்தால் இன்னும் நல்லது. மாடம்பாக்கம், பொன்மார், ஒட்டியம்பாக்கம், மாம்பாக்கம், சிறுசேரி, எந்த ஏரியும் விடுபட வேண்டாம். வந்து சேரும் படங்களை ஒன்றாக இணைத்து, அடைமழை தொடங்கும் முன் ஒரு சிறப்பிதழாகக் கொண்டுவருவோம். ஊராட்சி அலுவலகங்களுக்கும் நீர்வளத்துறைக்கும் பிரதிகள் அனுப்புவோம்.

அன்புடன்,
ஆசிரியர்